நாளைய சோறும் இன்றைய பசியும்

2020-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் காலை முதல் திருவனந்தபுரம் மாநகராட்சி எல்லைக்குள் ‘ட்ரிபிள் லாக்டவுன்’ எனப்பட்ட மும்மடங்குப் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. கோட்டைப் பகுதியை அடுத்துள்ள ஸ்ரீவராகமும் அந்த எல்லைக்குள் அடங்கியது. வராகமூர்த்தியின் கோயிலும் அகன்ற திருக்குளமும் கொண்ட அந்தப் பழைய குடியிருப்பின் தெருக்கள் வெறிச்சோடின. சில கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்துப் பூந்துறையில், நோய் வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. அந்நாட்களில் வசதி படைத்தோர் வீட்டிலும் அன்றாடம் உழைத்து உண்போர் வீட்டிலும் ஒரே கேள்வி எழுந்தது: வீட்டில் இன்னும் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது?

சமையலறையில் பிறந்த கேள்வியாயினும் இது அறத்தைப் பற்றிய கேள்வியுமாகும். வரப்போகும் நெருக்கடிக்கென்று ஒரு குடும்பம் பல நாள் உணவைச் சேர்த்து வைக்கலாமா? அது முன்யோசனையா, பேராசையா? நாளையைப் பற்றிக் கவலைப்படுவது இறைவனிடம் நம்பிக்கை இல்லாமையின் அடையாளம் என்பர் சிலர். பிள்ளைகளைப் பெற்றவன் நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருப்பது பொறுப்பின்மை என்பர் வேறு சிலர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எனவே இரண்டையும் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

நால்வகை இல்லறத்தார்

சாத்திரங்கள் இக்கேள்வியை எதிர்கொள்ளாமல் இல்லை. மனு ஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் தானியச் சேமிப்பை வைத்தே இல்லறத்தாரை நால்வகையாகப் பிரிக்கிறது. குதிர் நிறையத் தானியம் உடையவன் ஒருவன். ஒரு குடம் அளவு உடையவன் மற்றொருவன். மூன்று நாளைக்கு மட்டும் வைத்திருப்பவன் அடுத்தவன். நாளைக்கென்று எதுவுமே வைக்காதவன் கடைசியானவன். இவர்களுள் பின்னே சொல்லப்பட்டவன் முன்னே சொல்லப்பட்டவனைவிட உயர்ந்தவன் என்பது அந்நூலின் கருத்து. பதஞ்சலி முனிவரும் யமங்களுள் ஒன்றாக அபரிக்கிரகத்தை, அதாவது பொருளைச் சேர்த்துக் கைக்கொள்ளாமையை வைத்தார்.

ஆயினும் அதே தர்ம நூல்கள், பிரமசாரியும் வானப்பிரஸ்தனும் துறவியும் இல்லறத்தானைச் சார்ந்தே வாழ்கின்றனர் என்றும் கூறுகின்றன. நாளைக்கென்று எதையும் வைக்காத துறவி உச்சி வேளையில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். அந்த வீட்டிலும் ஒன்றும் இல்லையென்றால் அவனுடைய அபரிக்கிரகம் ஒரு வாரம்கூட நிலைக்காது. எனவேதான் தைத்திரீய உபநிஷதம் உணவைப் பெருக்குவதை ஒரு விரதமாகவே விதித்தது. அதை அடுத்தே, தங்க வந்தவர் எவரையும் திருப்பி அனுப்பாமையையும் மற்றொரு விரதமாக விதித்தது. இவ்விரு விரதங்களும் அருகருகே நிற்பது தற்செயலன்று. முதலாவது இல்லாமல் இரண்டாவதைக் காக்க இயலாது. இரண்டாவது இல்லாவிடில் முதலாவது வெறும் பதுக்கலாகிவிடும்.

கர்க்கடகம் கற்பித்த பாடம்

பழைய திருவிதாங்கூரின் இல்லங்கள் இந்த உண்மையை ஏட்டில் படிக்கவில்லை, மழையிடம் கற்றன. தமிழ் ஆடி மாதத்தை ஒட்டி வரும் கர்க்கடக மாதத்தை மலையாள நாட்டார் ‘பஞ்ஞ மாசம்’, அதாவது பற்றாக்குறை மாதம் என்பர். இடைவிடாத மழையில் வயல் வேலையும் இராது, கடல் தொழிலும் நடவாது. சிங்க மாதத்து அறுவடையும் ஓணமும் வரும்வரை வீட்டில் உள்ளதைக் கொண்டே நாளைக் கழிக்க வேண்டும். எனவே கோடை வெயில் இருக்கும்போதே மரவள்ளிக் கிழங்கை அரிந்து, வாட்டி, உலர்த்தி வைத்தனர். பலாக்கொட்டையை மணலிலோ மண்ணிலோ புதைத்துக் காத்தனர். பலாப்பழத்தை வெல்லத்தோடு கிளறி வரட்டியாக்கினர். கோட்டையைச் சுற்றியிருந்த தமிழ் அக்கிரகாரங்களில் வற்றலும் வடாமும் உப்பு மாங்காயும் பரணிகளில் நிறைந்தன. நெல்லுடையவர் வீட்டில் பத்தாயம் நிரம்பியது.

இந்தச் சேமிப்பில் யாருடைய பங்கும் பறிக்கப்படவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். பலா மரத்தடியில் விழுந்து அழுகும் காலத்தில் அதை எடுத்துக் காப்பவன் உலகிலுள்ள உணவைக் கூட்டுகிறான். மரவள்ளியின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அந்தக் கிழங்கின் சாகுபடியைப் பரப்ப ஊக்கமளித்தார். அரிசி தட்டுப்பட்ட பிற்கால நாட்களில் எளியோர் பலரின் உயிரைத் தாங்கியது அந்தக் கிழங்கே.

அதே மூட்டை, வேறொரு நாள்

அந்தப் பிற்காலம் இரண்டாம் உலகப் போரோடு வந்தது. திருவிதாங்கூர் தன் தேவைக்குப் பெரிதும் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று, கப்பல்கள் நின்றன. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப்பட்ட நாஞ்சில் நாட்டின் விளைச்சல் மட்டும் நாடு முழுமைக்கும் போதவில்லை. சேர்த்தலை போன்ற கரையோரத் தாலுகாக்களில் பட்டினியும் சத்துக் குறைவால் வரும் நோய்களும் ஏழைகளை வாரிக்கொண்டு போயின.

அதே காலத்தில் வங்காளத்தில் நேர்ந்தது இன்னும் கொடியது. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் மாண்டனர் என்று 1945-இல் விசாரணைக் குழு கணக்கிட்டது. பிற்கால ஆய்வாளர் பலர் அத்தொகையை 30 லட்சம் அளவுக்கு உயர்த்தினர். உணவு முற்றிலும் இல்லாமற்போனதால் அந்தப் பஞ்சம் வரவில்லை, விலை ஏறி ஏழைகளின் வாங்கும் சக்தி சரிந்ததே முதற்காரணம் என்று பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். விலை ஏறும் என்று அஞ்சியவர் வாங்கிச் சேர்த்தனர். அவர்கள் சேர்த்ததால் விலை மேலும் ஏறியது. அச்சமே தான் அஞ்சியதை உண்டாக்கிற்று.

இங்கேதான் சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் உள்ள எல்லைக்கோடு தெரிகிறது. அறுவடைக் காலத்தில், கடை நிறைந்திருக்கும்போது வாங்கிய மூட்டை யாரையும் பட்டினி போடுவதில்லை. விலை வீழ்ந்து தவிக்கும் உழவனுக்கு அது உதவியாகவும் அமையலாம். நெருக்கடி அறிவிக்கப்பட்ட மாலையில் கடைக்கு ஓடி வாங்கிய மூட்டையோ அடுத்து வந்தவனின் பங்கு. அரிசி ஒன்றே, மூட்டை ஒன்றே. நாள் மட்டுமே வேறு. அந்த நாள் செயலின் தர்மத்தையே மாற்றிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு கடமை பிறக்கிறது. அன்றாடக் கூலியில் வாழ்பவனால் ஒரு மாத அரிசியை முன்கூட்டியே வாங்க இயலாது. அவன் நெருக்கடி நாளில்தான் கடைக்கு வருவான். ஆகவே கையிருப்பு உள்ளவன் அந்த நாளில் கடைக்குப் போகாதிருத்தல் அவன் செய்யக்கூடிய முதல் தானம். ஸ்வீடன் அரசு 2018-லும் 2024-லும் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக் காலக் கையேடுகளின் உட்கருத்தும் இதுவே. சில நாட்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளக் கூடியவர்கள் அவ்வாறு செய்தால், அரசின் உதவி அவ்வாறு இயலாதவர்களை விரைந்து சென்றடையும்.

பொன்னும் நெல்லும்

ஸ்ரீவராகத்துக்கு அண்மையிலுள்ள பத்மநாப சுவாமி கோயிலின் நிலவறைகள் சில 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணைப்படி திறக்கப்பட்டபோது உலகமே வியந்தது. பல தலைமுறைகளாக இருளில் கிடந்த பொன் மங்காமல் இருந்தது. நெல்லுக்கு அந்த இயல்பில்லை. ஈரப்பதம் 14 விழுக்காட்டைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும்; கேரளத்தின் ஈரக்காற்றில் அது எளிதில் நேரும். உமியோடு கூடிய நெல் நெடுநாள் தாங்கும். குத்திய அரிசியில் விரைவில் வண்டு விழும். வேப்பிலையும் வசம்பும் மிளகாய் வற்றலும் இட்டுச் சிறிது காலம் காக்கலாம். என்றென்றும் காக்க இயலாது.

இது அன்னத்தின் குறையன்று. அன்னம் புகட்டும் உபதேசம். சேர்த்த உணவை உண்ண வேண்டும், இல்லையேல் கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி குப்பைக்கே செல்கிறது. பழையதை முன்னே எடுத்துப் புதியதைப் பின்னே வைக்கும் இல்லத்தரசி, தன்னை அறியாமலே பற்றின்மையைப் பயில்கிறாள். ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. வண்டு விழுந்த பின் அரிசியை ஏழைக்குக் கொடுப்பது தானமன்று, வீட்டைத் துப்புரவு செய்தல் மட்டுமே. கொடுக்க நினைப்பதை, தானே உண்ணத் தகுந்த நிலையில் இருக்கும்போதே கொடுத்தல் வேண்டும்.

அடுத்த வீட்டு அடுப்பு

இனிக் கடினமான கேள்வி. நெருக்கடி வந்துவிட்டது. நால்வர் அடங்கிய குடும்பத்தில் 30 கிலோ அரிசி இருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ என்று கொண்டால் 30 நாளைக்குப் போதும். அடுத்த வீட்டில் தனித்து வாழும் ஒரு முதியவரின் அடுப்பு எரியவில்லை. பெற்றோர் தம் பிள்ளைகளின் பங்கிலிருந்து அவருக்கு அளக்கலாமா?

கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்கலாம். ஐவர் உண்டால் அதே அரிசி 24 நாளைக்கு வரும். ஒரு மனிதரின் உயிருக்கு நால்வர் கொடுக்கும் விலை, எதிர்காலத்தில் ஆறு நாள். அந்த ஆறு நாள் தேவைப்படாமலே போகலாம். பாதை திறக்கலாம், கடை திறக்கலாம். தேவைப்படவும் செய்யலாம், அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் நாளைய பசி ஓர் ஐயம். அடுத்த வீட்டுப் பசி இன்றைய உண்மை. ஐயத்துக்காக உண்மையைப் பலியிடுவதை அறம் என்று எந்த நூலும் கூறவில்லை. அதனினும் நன்று, நால்வருக்குச் சேர்க்கும்போதே ஐவருக்கென்று சேர்த்தல். கதவு தட்டப்படும் நேரத்தில் மனம் வாதாடும். அமைதியான நாளில் எடுத்து வைத்த பங்கோடு அது வாதாடுவதில்லை.

பத்து வீடுகள் தட்டினால் என்ன செய்வது? அப்போது எந்தத் தனி வீட்டின் கணக்கும் உடைந்துவிடும். அதனால்தான் பழங்காலத்தில் ஊட்டுப்புரைகள் இருந்தன. பின்னர் ரேஷன் கடைகள் வந்தன. 2020 மார்ச் இறுதியிலிருந்து கேரளமெங்கும் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்களும் சமுதாயச் சமையற்கூடங்களை நடத்தினர். வீட்டுப் பத்தாயம் ஊர்ப் பத்தாயத்துக்கு மாற்றன்று. அதன் சிறு கிளை.

வீட்டுச் சேமிப்பு எவ்வளவு நொய்மையானது என்பதை 2018 ஆகஸ்டு வெள்ளம் காட்டியது. நிறைந்த சமையலறைகள் ஒரே இரவில் நீரில் மூழ்கின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண முகாம்களில் அந்நியர் சமைத்த சோற்றை உண்டனர். அப்போது திருவனந்தபுரத்துக் கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று, தாம் முன்பின் அறியாத மக்களை மீட்டனர். பூந்துறையிலிருந்தும் அவ்வாறு சென்றனர். இரண்டே ஆண்டுகளுக்குப் பின் நோயால் அடைபட்டுத் துன்புற்றது அந்தப் பூந்துறையே. அவர்களுக்கு நாடு பட்டிருந்த கடன் எந்தப் பத்தாயத்திலும் அளந்து வைக்கப்படவில்லை. ஆயினும் அது மெய்யான கடன். வறியவரின் பசியைத் தீர்ப்பதே செல்வன் தன் பொருளைச் சேமித்து வைக்கும் இடம் என்று வள்ளுவர் உணர்த்தியதன் ஆழம் இத்தகைய நாட்களில்தான் புலப்படுகிறது.

ஆபுத்திரனின் பாத்திரம்

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரனின் கதை வருகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. சாவக நாட்டில் பசி என்று கேள்வியுற்றுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. மனிதர் எவருமற்ற தீவு. அழியாத உணவு கையில் இருந்தும், பிறருக்கு இடாமல் தான் மட்டும் உண்டு வாழ அவன் உடன்படவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான்.

இல்லறத்தார் எவரும் அந்த உயரத்துக்கு ஏற வேண்டியதில்லை. அவர்கள் உண்ணவும் வேண்டும்; பிள்ளைகளை உண்பிக்கவும் வேண்டும்; மழைக்காலத்துக்கு முன்னே பத்தாயத்தை நிரப்பவும் வேண்டும். ஆனால் நிரம்பிய பத்தாயத்தின் முன் நின்று ஒருமுறை மனத்தைச் சோதித்துப் பார்க்கலாம். இதைக் கண்டபின் வாசல் கதவைத் தாழிடத் தோன்றுகிறதா, திறந்து வைக்கத் தோன்றுகிறதா? தாழிடத் தோன்றினால் அங்கே சேர்ந்திருப்பது அச்சம்; அச்சத்துக்கு எத்தனை மூட்டையும் போதாது. திறக்கத் தோன்றினால் அங்கே இருப்பது அன்னம்.

ஸ்ரீவராகத்தில் எழுந்தருளியிருக்கும் மூர்த்தி வெள்ளத்தில் மூழ்கிய பூமியை மேலே தூக்கி நிறுத்தியவர். அவர் தூக்கியது ஒரு வீட்டையன்று; எல்லோரும் விதைத்து உண்ணும் நிலம் முழுவதையும்.