எந்தக் கயிற்றை விடலாம்

கடற்கரை இல்லாத மாவட்டம் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து அது தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது மரக்காணம் பக்கத்துக் கடலோரம் பழைய மாவட்டத்தோடே நின்றுவிட, கல்வராயன் மலையும் அதிலிருந்து இறங்கிக் கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கும் கோமுகி ஆறும் புதிய மாவட்டத்துக்கு வந்தன. கோமுகியின் நீர் மணிமுத்தாற்றின் வழியாக வெள்ளாற்றில் கலந்து, ஒரு காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் நங்கூரமிட்ட பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது என்பதால், இம்மலைக்கும் பாய்க்கப்பலுக்கும் ஒட்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும், கடலை அன்றாடம் காணாத இத்தகைய ஊரில் ஒருவர் பிளாஸ்டிக் பாய்க்கப்பல் மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு அதன் கயிறுகளை நூலால் கட்ட முற்படும்போது அவர்முன் எழும் கேள்வி கடலைப் பற்றியதன்று. எடுத்த வேலையில் எதைச் செய்வது, எதை விடுவது, விட்ட பின்னும் அது நேர்மையான வேலையாக நிற்குமா என்பதே அக்கேள்வி.

கேள்வியின் பருமனை ஒரு கணக்கு காட்டும். 1869இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பட்டு இன்று லண்டன் கிரீனிச்சில் காட்சிக்கு நிற்கும் ‘கட்டி ஸார்க்’ என்னும் தேயிலைக் கப்பலின் கயிறுகள் மொத்தம் 11 மைல், அதாவது சுமார் 18 கிலோமீட்டர் நீளமுடையவை. ரெவெல் நிறுவனம் இக்கப்பலை 1/96 அளவில், அதாவது உண்மையில் 96 அடி நீளமுள்ளது மாதிரியில் ஓர் அடியாகச் சுருங்கும் விகிதத்தில், பிளாஸ்டிக் பாகங்களாக வெளியிட்டது. அந்த அளவிலும் கயிறு முழுவதையும் கட்டுவதாயின் ஏறத்தாழ 185 மீட்டர் நூல் வேண்டும். நூலின் நீளமாவது கடையில் வாங்கித் தீரும்; முடிச்சுகள் அப்படித் தீர்வதில்லை. பாய்மரத்தின் பக்கக் கயிறுகளுக்குக் குறுக்கே மாலுமிகள் ஏறுவதற்காகக் கட்டப்படும் படிக்கயிறுகள் (இவற்றை ராட்லைன் என்பர்) உண்மைக் கப்பலில் ஏறத்தாழ 15 அங்குல இடைவெளியில் அமைந்தால் மாதிரியில் நான்கு மில்லிமீட்டருக்கு ஒன்றாக அமையும். அவற்றுள் ஒவ்வொன்றும் தான் கடக்கும் ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு முடிச்சைக் கேட்கும்.

கயிறுகள் எல்லாம் ஒரே தொழிலைச் செய்வன அல்ல என்பதைத் தொடங்குகிறவர் முதலில் அறிய வேண்டும். பாய்மரம் சாயாமல் அதனை நிலையாக இழுத்துப் பிடிப்பவை ஒரு வகை. ஸ்டாண்டிங் ரிக்கிங் எனப்படும் இவற்றை நிலைக்கயிறுகள் எனலாம். மரத்தின் உச்சியிலிருந்து கப்பலின் இரு பக்கங்களுக்கு இறங்கும் ஷ்ரௌட், முன்னோக்கிச் செல்லும் ஸ்டே, பின்னோக்கி இழுக்கும் பேக்ஸ்டே ஆகியவை இவ்வகையின. தார் பூசப்பட்டமையால் கருமையானவை. பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய பருமலை ஏற்றவும் இறக்கவும் காற்றுக்கேற்பத் திருப்பவும், பாயை விரிக்கவும் சுருட்டவும் பயன்படுபவை மற்றொரு வகை. தார் பூசாத, வெளிர்ந்த நிறமுடைய இந்த இயங்குகயிறுகள் கப்பல் ஓடும்போதெல்லாம் மாலுமிகளின் கையில் மாறிக்கொண்டே இருப்பவை. முதல்வகையில் ஒன்று குறைந்தால் மரம் சாயும். இரண்டாம் வகையில் ஒன்று குறைந்தால் ஒரு பாய் சரியாக இயங்காது, அவ்வளவே.

நிலைக்கயிறுகளைக் கட்டும் முறையே ஒரு படிப்பு. ஷ்ரௌடுகளை இரண்டிரண்டாக, வலப்பக்கம் ஓர் இணை, இடப்பக்கம் ஓர் இணை என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால், அதற்குள் பிளாஸ்டிக் மரம் முதற்பக்கம் வளைந்திருக்கும். பந்தக்கால் நிறுத்துவோர் எதிரெதிர்த் திசைகளில் நின்று ஒருவர் இழுக்கும் அளவுக்கே மற்றவரும் இழுப்பதைப் போல, இங்கும் ஒரு நூலின் இறுக்கத்தை அதன் எதிர்நூலே முடிவு செய்கிறது. நூலை அதிகமாக இழுத்தவர் உறுதியான கப்பலையன்று, கோணலான கப்பலையே பெறுகிறார். மரத்தினுள் மெல்லிய பித்தளைக் கம்பியைச் செருகி வலுவூட்டுவது இதனாலேயே வழக்கமாயிற்று. நூலின் மயிரிழைகள் படிந்து நிற்க அதைத் தேன்மெழுகில் இழுத்தெடுக்க வேண்டும். அதற்குத் தொலைநாட்டுப் பொருள் தேவையில்லை. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் எடுக்கும் தேனோடு வரும் மெழுகே நன்றாகப் பயன்படும்.

இனி, விடுவதைப் பற்றி. உண்மைக் கப்பலில் 24 மில்லிமீட்டர் பருமனுள்ள கயிறு 1/96 அளவில் கால் மில்லிமீட்டர் நூலாகும். 12 மில்லிமீட்டர் கயிறோ அதிலும் பாதியாகி, சாதாரணத் தையல் நூலைவிட மெலிந்துவிடும். அத்தகைய கயிற்றைக் கையில் கிடைத்த தடித்த நூலால் கட்டிக் காட்டினால், மெல்லிய கயிறு இருந்த இடத்தில் நங்கூரக் கயிறு இருப்பதாகக் கப்பல் பொய் சொல்லும். எனவே குறிப்பிட்ட அளவுக்குக் கீழே, ஒரு கயிற்றைக் கட்டாமல் விடுவது அதைத் தவறாகக் கட்டுவதைவிட மூலத்துக்கு உண்மையானது. குறைவு என்று தோன்றுவது சில இடங்களில் துல்லியமாக இருக்கக்கூடும் என்னும் இச்செய்தி, முழுமையை எண்ணிக்கையால் அளக்கப் பழகியவர்களின் மனத்தில் எளிதில் பதிவதில்லை.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களின் மரச்சிற்பிகளுக்கு இது புதிய செய்தியன்று. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் சாணளவுச் சிலையிலும் ஆளுயரச் சிலையிலும் ஒரே உருவை வடிப்பது. தமிழகச் சிற்ப மரபின் அளவுமுறையாகிய தாலமானம் முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகவும் அதனைப் பன்னிரண்டு அங்குலமாகவும் கொள்கிறது. இந்த அங்குலம் அளவுகோலின் அங்குலமன்று, அந்தந்தச் சிலையின் உயரத்தில் ஒரு பங்கு. சிவன், திருமால் ஆகியோருக்குரிய உத்தம தசதாலத்தில் உருவத்தின் உயரம் 124 பங்கு. சிலை எவ்வளவு சிறிதானாலும் அந்தப் பங்குகளில் ஒன்றும் குறைவதில்லை. ஆனால் ஆரத்தின் மணிகளும் ஆடையின் கரைவேலையும் உளிமுனையின் அகலத்துக்கும் மரத்தின் இழையோட்டத்துக்கும் கட்டுப்பட்டுக் குறைந்துகொண்டே போகும். விகிதம் விடப்படுவதில்லை, நுணுக்கம் விடப்படுகிறது. அந்த வேறுபாட்டைக் கை அறியும்வரை பழகுவதே சிற்பியின் பயிற்சியில் பெரும்பகுதி.

வாழ்க்கையில் மனிதர் ஏற்றுக்கொள்ளும் கடமைகளும் நிலைக்கயிறு, இயங்குகயிறு என்னும் இவ்விரு வகையாகவே இருக்கின்றன; துன்பம் வருவது அவை ஒரே நிறத்தில் கண்ணுக்குத் தெரிவதால்தான். முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்வதும், உறவினர் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் தவறாமல் போய் நிற்பதும் ஒரே பட்டியலில் ஒரே எடையோடு எழுதப்படும்போது, இரண்டாவதில் களைத்தவர் முதலாவதிலும் தளர்கிறார். களைப்பினால் விடுகிறவர் கைக்கு எட்டியதை விடுகிறார். அது மரத்தைத் தாங்கும் கயிறாகவும் இருக்கலாம். எந்தக் கயிறு எதனை எதிர்த்து இழுக்கிறது என்று அறிந்தவர் மட்டுமே குற்றவுணர்வின்றி ஒன்றை விட முடியும். எல்லாவற்றையும் செய்தே தீரவேண்டும் என்ற பிடிவாதமும், எல்லாம் வீண் என்ற துறவும் ஒரே அறியாமையிலிருந்து பிறப்பவை. இரண்டுக்குமே கயிறுகளின் தொழில் தெரியாது.

இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் 89 அடிப் பாய்க்கப்பலைத் தமிழ் மாலுமிகள் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிச் சென்றார்கள். அவர்கள் கையில் எந்தக் கயிறும் அலங்காரமாக இருந்திருக்க முடியாது. ஒவ்வொன்றின் பயனும் உள்ளங்கைக்குத் தெரிந்தே இருந்தது. மேசைமேல் கப்பல் கட்டுகிறவருக்கு அந்த அறிவு படிப்பின் வழியாகவே வரவேண்டும். ஆகவே, நூலைக் கையிலெடுக்குமுன் ஒவ்வொரு கயிற்றின் பெயரையும் பணியையும் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் முயற்சிக்கு இரண்டு பாய்மரங்களுக்கு மேல் இல்லாத கப்பலைத் தேர்ந்து, நிலைக்கயிறுகள் அனைத்தையும், இயங்குகயிறுகளுள் பருமலை ஏற்றுவனவற்றையும் திருப்புவனவற்றையும் மட்டும் கட்டி, அத்தோடு நிறுத்திக்கொள்வதே முறை. அவ்வாறு கட்டிய கப்பல் முடிந்த கப்பல்தான். அதைப் பாதிக் கப்பல் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.