எதிர்க்காற்றும் பொறுமையும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. அம்மி பறந்ததைக் கண்டவர் எவரும் இலர். ஆனால் அந்தக் காற்றை எதிர்த்து மிதிவண்டி மிதித்து வேலைக்குச் செல்லும் மனிதரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். தலையைத் தாழ்த்தி, உடலை முன்னே சாய்த்து, ஒவ்வொரு மிதிக்கும் தம் முழு எடையையும் தந்து அவர் செல்கிறார். அவரைக் காணும்போது, "எவ்வளவு பொறுமை!" என வியக்கிறோம். அந்த வியப்பு நல்லதே. ஆயினும் அதற்குள் ஓர் அறநெறிக் கேள்வி அடங்கியிருக்கிறது. பிறருடைய பொறுமையைப் புகழ்ந்தவுடன் நம் கடமை முடிந்துவிடுகிறதா?

இக்கேள்வியை வெறும் கருத்தாக அன்றி, ஒரு சாலையில் நிறுத்திப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் உள்ளது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கிடையேயுள்ள அந்த இடைவெளியில் நெருக்குண்டு, விரைவு மிகுந்து, கிழக்கு நோக்கிப் பாய்கிறது. நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று முப்பந்தலில் அமைந்ததற்கும் இதுவே காரணம். காவல்கிணற்றுப் பக்கமிருந்து தோவாளைப் பூச்சந்தைக்கோ செங்கற்சூளைக்கோ மேற்கு நோக்கி மிதிவண்டியில் செல்பவருக்கு, அந்த மாதங்களில் காற்று நேர் நெஞ்சில் மோதும். அதே காற்று ஆலையின் இறக்கையைச் சுழற்றும்போது மின்சாரமாகிறது. கணக்கேட்டில் வருவாயாகப் பதிவாகிறது. உழைப்பாளியின் நெஞ்சில் மோதும்போது அது செலவாகிறது. அந்தச் செலவு மட்டும் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

அது எவ்வளவு பெரிய செலவு என்பதை இயற்பியல் தெளிவாகக் கூறுகிறது. காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர், மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் அதே வேகத்தைக் காக்க முயன்றால், அவர் உடல்மீது காற்று 35 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். காற்றின் தடை அப்போது ஐந்து மடங்கையும் மிஞ்சிவிடும். நேர் பக்கவாட்டில் வீசும் காற்றுகூடத் தடையைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. அத்தகைய காற்றில் ஒரு சரக்கு லாரி அருகே கடந்தால், காற்று ஒரு கணம் மறைக்கப்பட்டு மறுகணம் மீண்டும் தாக்கும். சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்தவர் நிலைதடுமாறுவார். மழையும் சேர்ந்துகொண்டால் கண்ணும் மறைந்து, தடுப்புக்கட்டையும் சக்கரத்தை இறுகப் பிடிக்காது.

"காலையில் எதிர்த்த காற்று மாலையில் பின்னின்று தள்ளுமே, இரண்டும் சரியாகிவிடாதா?" என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். வேலைத்தலம் 10 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சென்று திரும்ப 80 நிமிடம் ஆகும். காற்றுள்ள நாளில் காலையில் 10 கிலோமீட்டர் வேகமும் மாலையில் 20 கிலோமீட்டர் வேகமும் வாய்த்தால், போக 60 நிமிடமும் வர 30 நிமிடமுமாக மொத்தம் 90 நிமிடம் ஆகிறது. காற்று தான் எடுத்ததை முழுவதும் திருப்பித் தருவதில்லை. பத்து நிமிடத்தைத் தனக்கென வைத்துக்கொள்கிறது. அதோடு, அது எடுப்பது நேரம் தவறக்கூடாத காலை வேளையில். தருவதோ, எவரும் கடிகாரம் பார்க்காத மாலை வேளையில்.

இனி, பொறுமை என்னும் பண்பைப் பற்றிச் சிந்திப்போம். புனித தோமா அக்குவினாஸ் மனத்திடன் என்னும் நற்பண்பை ஆராயும்போது, அதன் தலையாய செயல் தாக்குவதன்று, தாங்குவதே என்று கூறுகிறார். அதற்கு மூன்று காரணங்களை முன்வைக்கிறார். தாங்குபவர் தம்மைவிட வலியதொன்றை எதிர்கொள்கிறார். தாக்குபவருக்கு ஆபத்து இனி வருவது, தாங்குபவருக்கோ அது ஏற்கெனவே வந்துவிட்டது. தாக்குதல் ஒரு கணத்து எழுச்சி, தாங்குதலோ நெடுநேரம் நீடிப்பது. எதிர்க்காற்றில் மிதிப்பவரிடம் இம்மூன்றையும் காணலாம். காற்றை எவரும் வெல்ல முடியாது. அதனிடம் கோபம் கொள்வதிலும் பயனில்லை. விரைந்து முடித்துவிடவும் இயலாது. அடுத்த மிதி, அதற்கடுத்த மிதி என்று தொடர்வது ஒன்றே வழி. ஆகவே அவரிடம் நாம் காண்பது மெய்யான மனத்திடனே. அதை ஐயுற வேண்டியதில்லை.

ஆனால் அதே தோமா, தலையாய நற்பண்புகளை வரிசைப்படுத்தும்போது முன்மதியை முதலிலும், நீதியை அடுத்தும், மனத்திடனை அதற்குப் பின்னருமே வைக்கிறார். நாம் பலவேளைகளில் மறந்துவிடும் வரிசை இது. நீதி நம்மிடம் கேட்கும் இடத்தில் பிறருடைய மனத்திடனைப் புகழ்ந்துவிட்டு, கணக்குத் தீர்ந்ததென நகர்ந்துவிடுகிறோம்.

இங்கே நெதர்லாந்து நாட்டின் செய்தி ஒன்று நமக்கு உதவும். அங்கே சீலாந்து மாநிலத்துக் கடல் தடுப்பணையின்மேல், 2013ஆம் ஆண்டு முதலாக எதிர்க்காற்று மிதிவண்டிப் போட்டி ஒன்று நடத்தப்பட்டு வருகிறது. புயற்காற்று எதிர்பார்க்கப்படும் நாளையே அதற்கெனத் தெரிந்தெடுக்கிறார்கள். பற்சக்கர வசதி ஏதுமற்ற சாதாரண மிதிவண்டியில், எட்டரை கிலோமீட்டர் தொலைவு, காற்றை நேரே எதிர்த்து மிதிக்க வேண்டும். சிரித்த முகத்தோடு நூற்றுக்கணக்கானோர் அதில் கலந்துகொள்கிறார்கள். தசையின் வலி என்று பார்த்தால் ஆரல்வாய்மொழிச் சாலைக்கும் அந்த அணைக்கும் வேறுபாடில்லை. எனினும் ஒன்று விளையாட்டு, மற்றொன்று பிழைப்பு. ஏன்? அங்கே மிதிப்பவர் விரும்பினால் வீட்டில் இருந்துவிடலாம். பத்து நிமிடம் பிந்தினால் அவர் ஒரு பரிசை இழப்பார், கூலியை இழக்கமாட்டார்.

அந்த அணை அங்கே ஏன் எழுந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1953ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் இரவில் எழுந்த புயல், கடலைக் கரைமீறச் செய்தது. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் மாண்டனர். எஞ்சியோரின் பொறுமையைப் புகழ்ந்ததோடு அந்நாடு நின்றுவிடவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டு, அணைகளையும் கரைகளையும் கட்டி எழுப்பியது. இன்று போட்டி நடைபெறும் தடுப்பணை 1986இல் திறக்கப்பட்டது. அந்தக் காப்பு எழுந்த பிறகே, அதன்மேல் காற்றோடு விளையாட மனிதருக்கு இயன்றது.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். "வேறு வழியின்றித் தாங்குவது நற்பண்பே ஆகாது என்கிறீர்களா? அப்படியானால் ஏழையிடம் உள்ள ஒரே செல்வத்தையும் பறித்துவிடுகிறீர்களே!" இது நியாயமான மறுப்பு. வேறு வழி இல்லாதவரிடத்தும் அகச் சுதந்திரம் உண்டு. அதே காற்றில் ஒருவர் கசந்துபோகிறார். இன்னொருவர் நனைந்து வந்தும் உடன் உழைப்போரிடம் முகம் கோணாமல் பேசுகிறார். அந்த வேறுபாடு காற்றால் வந்ததன்று. அவரவர் உள்ளம் தேர்ந்துகொண்டது. ஆகவே நிர்ப்பந்தத்தின் நடுவிலும் பொறுமை முழுமையான நற்பண்பாக இருக்க முடியும். ஆனால் அது அவர் தாமாக அளிக்கும் காணிக்கை. காணிக்கையை எவரும் வரியாக வசூலிக்கலாகாது. என் பொறுமையை நான் என்னிடமே கேட்டுப் பெறலாம். பிறரிடம் அதைக் கேட்குமுன், அவர் தாங்கும் சுமையில் என் பங்கு எவ்வளவு என்று பார்ப்பது என் கடன். அறிவுரை கூறும் இடத்தில் நிற்பவர் எவருக்கும் இது பொருந்தும். மறையுரை மேடையில் நிற்கும் எங்களுக்குச் சற்று மிகுதியாகவே பொருந்தும்.

காற்றை எவரும் நிறுத்த முடியாது என்பது உண்மை. ஆனால் எதிர்க்காற்றில் வருபவரின் துன்பம் முழுவதும் காற்றினால் வருவதன்று. சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்துப் புளியமரங்கள் வெட்டப்பட்டு, பதிலுக்கு ஒரு கன்றும் நடப்படவில்லையென்றால், அதைக் காற்று செய்யவில்லை. மிதிவண்டிக்கென ஓரத்தில் ஒரு முழம்கூட விடாமல் சாலை போட்டால், அதையும் காற்று செய்யவில்லை. வானத்தைப் பாராமல் கடிகாரத்தை மட்டும் பார்த்து அரைநாள் கூலியைப் பிடிக்கும் மேற்பார்வையாளர், நனைந்து வந்த மாணவியை வகுப்புக்கு வெளியே நிறுத்தும் ஆசிரியர், தேங்கிய நீரை வாரி இறைத்துச் செல்லும் வாகன ஓட்டி, இவர்கள் எல்லாரும் மனிதர்கள். மனிதர் சேர்த்த சுமையை மனிதர் இறக்க முடியும்.

நம்முள் பலர் இன்று கண்ணாடி ஏற்றிய வாகனங்களில் பயணம் செய்கிறோம். அதே சாலையில், அதே நேரத்தில், வெளியே காற்று வீசுகிறது என்பதே நமக்குத் தெரிவதில்லை. அந்த அறியாமையைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தெரிந்துகொள்ள முயலாதிருப்பது வேறு. நம்மிடம் வேலை செய்பவர் எவ்வழியே, எதில் ஏறி, எவ்வளவு நேரம் பயணம் செய்து வருகிறார் என்று ஒருமுறை கேட்டறிவதற்குப் பெரிய தியாகம் எதுவும் தேவையில்லை. நனைந்து வருபவருக்கு உடை மாற்ற ஓர் அறை, சாலையோரத்தில் சில மரக்கன்றுகள், கடக்கும்போது சற்று விலகிச் செல்லும் வாகனம், இவையும் எளியவையே.

காற்று விழுங்கிக்கொண்ட பத்து நிமிடத்தைக் காற்றிடமிருந்து மீட்க வழியில்லை. ஆனால் வேலைத்தலத்தின் வாயிலில் நிற்பவர் அந்தப் பத்து நிமிடத்தை, ஒரு சொல்லும் சொல்லாமல், வருபவருக்குத் தந்துவிடலாம். அதற்குப் பிறகு அவருடைய பொறுமையை நாம் புகழ்ந்தால், அந்தப் புகழ்ச்சியில் பொருள் இருக்கும்.