அம்மாவின் மாத்திரையும் என் மௌனமும்

சஷ்டி விரதத்தில் முட்டை வாசனைகூட ஆகாது என் அம்மாவுக்கு. அவர் தினமும் போடும் கேப்சூலின் உறையோ ஜெலட்டின்! மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது.

மாத்திரை என்றால் மருந்து மட்டும் இல்லைங்க. தைராய்டு மாத்திரையில் மருந்து வெறும் 50 மைக்ரோகிராம் இருக்கலாம். மீதியெல்லாம் லாக்டோஸ், ஸ்டார்ச் மாதிரி துணைப்பொருட்கள். அவை நோயைத் தீர்க்காது, ஆனால் அவை இல்லாமல் மாத்திரையே இல்லை.

சொன்னால் நிறுத்திடுவாங்களோ என்று பயம். மறைத்தால், அவர் விரதத்துக்கு நான் முடிவு எடுத்ததாகாதா?

சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செடியில செஞ்ச உறை இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுப்பா. இல்லைன்னா இதையே போடுறேன், முருகனுக்குத் தெரியும். ஆனா எங்கிட்ட எதையும் மறைக்காத" என்றார்.

மருந்தை விட மறைப்பதுதான் அவருக்குக் கசந்தது. முருகா சரணம்!