கற்பனை உலகிற்கு வழிகாட்டி யார்?

கற்பனை கட்டற்றது என்பர். இல்லாத ஊரைப் படைக்கவும் அவ்வூரில் மாந்தரை உலவவிடவும் எழுத்தாளனுக்கு உரிமை உண்டு. ஆனால், மக்கள் வாழும் ஒரு மண்ணின் பெயரைத் தன் கற்பனை உலகிற்குச் சூட்டுகின்றவன் அம்மக்களுக்குக் கடன்பட்டவன் அல்லனா? இவ்வினாவுக்கு மன்னார்க் கரையிலிருந்தே விடை தேடலாம்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜோர்ஜ் பிசேயின் ‘முத்துக் குளிப்போர்’ என்னும் இசைநாடகம் 1863இல் பாரிசில் அரங்கேறியது. கதைக்களம் பழைய இலங்கைக் கடற்கரை. நாடகத்தை எழுதியோர் முதலில் எண்ணிய களம் மெக்சிக்கோ; பின்னரே இலங்கைக்கு மாறினர். அதன் இசை இனியது. எனினும், ஒரு கண்டத்திலிருந்து மற்றொன்றிற்குத் தூக்கி வைக்கக்கூடிய கதை எந்த மண்ணிலும் வேர்விடாத கதையே. முக்காடிட்ட கன்னி, இரு நண்பர், ஒரு காதல்: இவற்றுக்குக் கடல் வெறும் திரைச்சீலை.

அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளில் நிகழ்ந்த முத்துச் சலாபமோ வேறு. கல்லின் பாரத்தால் கீழிறங்கி, மூச்சடக்கிச் சிப்பி வாரினான் சுழியோடி. மேலே கயிறு பிடித்தவன் கையில் அவன் உயிர் இருந்தது. சுறாவைக் கட்ட மந்திரம் ஓதுவோர் ‘கடற்கட்டி’ எனப்பட்டனர். கரையில் குவித்த சிப்பிகள் அழுகி நாறிய பின்னரே முத்துக் கிடைத்தது. 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் சிப்பியின் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே குளித்தவனுக்கு. அங்கு பணியாற்றிய ஆங்கில அதிகாரி லெனாட் வுல்ஃப், அந்நாற்றத்தையும் சாவையும் 1921இல் வெளிவந்த கதையொன்றில் வைத்தார். அவர் இம்மண்ணிற் பிறந்தவர் அல்லர், ஆளும் தரப்பினர். ஆயினும் கரையில் நின்று கண்டவர். ஆகவே, பிறப்பு அன்று, கூர்ந்து காணும் கண்ணே எழுத்தாளனுக்கு வேண்டியது.

‘நாடகம் கனவு; அறிக்கை அன்று’ எனச் சிலர் வாதிடலாம். உண்மையே. பெயரை மாற்றலாம், நிகழாததை நிகழ்த்தலாம். உழைப்பின் சுமையைத் தாங்கியவனை மட்டும் மறைத்தல் ஆகாது. அவன் கடலை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடுவது அழகியற் குறை மட்டுமன்று, அறக்குறையுமாகும்.

கற்பனை உலகைச் சமைக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள், உணர்வு உரிப்பொருள். தெய்வம், உணவு முதலியவற்றோடு மக்களின் தொழிலையும் தொல்காப்பியம் கருப்பொருளாக எண்ணுகிறது. நாடக வழக்கும் உலகியல் வழக்கும் இணைந்ததே புலனெறி வழக்கம் என்றும் கூறுகிறது. இதனினும் சிறந்த வழிகாட்டி வேறென்ன வேண்டும்?

ஆயினும் அவ்வழிகாட்டியும் குறையற்றதன்று. அடியோரும் வினைவலரும் தலைமக்களாதல் ஐந்திணைக்குப் புறத்தேதான் என்பது உரையாசிரியர் கொண்ட பொருள். தொழிலை ஏற்ற இலக்கணம், பிறர் ஏவலில் தொழில் செய்வோனின் காதலை நடுவில் வைக்கத் தயங்கியது. எனவே நூலைப் போற்றுவோம். அதன் எல்லையையும் அறிவோம்.

நூல் எதைக் கேட்பது என்று கற்பிக்கும். விடையைக் கரையில் உள்ளோரிடமே பெறவேண்டும். எம் மாணவரிற் சிலர் கதை எழுதும்போது தந்தையின் வலையை விட்டுவிட்டுப் பாடநூலின் அன்னப்பறவையைத் தேடுகின்றனர். தம் வீட்டு வாழ்வு இலக்கியத்திற்குத் தகுதியற்றது என்று அவர்களுக்கு யார் கற்பித்தது? அந்த எண்ணத்தைப் போக்குவது ஆசிரியர்க்கும் எழுத்தாளர்க்கும் பொதுவான கடன்.