பிடிப்பு: உடலை ஒன்றாக்குவது எது?

உடல் என்பது உறுப்புகளின் குவியலா, உறுப்புகளைக் கடந்த ஒரே பொருளா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட கேள்விகளுள் ஒன்று. தமிழ் இலக்கணமும் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தது. ஆறாம் வேற்றுமையின் தற்கிழமைப் பொருளை வகைப்படுத்தும் நன்னூல், உறுப்பைத் தனி வகையாகவும், ஒன்றன் கூட்டத்தை வேறு வகையாகவும் வைக்கிறது. சாத்தனுக்குக் கை உரியதாவது ஒரு விதம். நெல்லுக்குக் குவியல் உரியதாவது இன்னொரு விதம். குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளினால் குவியல் சற்றுக் குறையும், அவ்வளவுதான். சாத்தனின் கையைப் பிடித்து இழுத்தால் சாத்தனே வந்துவிடுவான்.

இழுத்தால் முழுவதும் வருகிறது என்பதையே நியாய மரபு சான்றாக எடுத்துக்கொண்டது. ஒரு பகுதியைப் பற்றினால் முழுப்பொருளும் பற்றப்படுகிறது, ஒரு பகுதியை இழுத்தால் முழுப்பொருளும் இழுபடுகிறது. ஆகவே அவயவங்களுக்கு மேல் அவயவி என்ற ஒன்று உண்டு என்பது நியாய சூத்திரத்தின் வாதம். பௌத்தம் இதை ஏற்கவில்லை. மிலிந்தன் என்னும் கிரேக்க மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரை உவமையாகக் காட்டுகிறார். அச்சு, சக்கரம், நுகம் எதுவும் தேர் ஆகாது. இவற்றை விட்டுத் தனியாகவும் தேர் கிடையாது. பகுதிகளைச் சார்ந்து எழும் வழக்குப் பெயரே தேர். மனிதன் என்பதும் அப்படியே.

நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், இழுபடுதலுக்குச் சங்கிரகம் என்னும் பிடிப்பைக் காரணமாகப் பேசுகிறார். பச்சைப் பானையில் மண்ணை நீர் பிடித்து நிறுத்துகிறது. சுட்ட பானையில் அந்த வேலையைத் தீ செய்துவிடுகிறது. மனித உடலில் இந்தப் பிடிப்பு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு உடலியல் தரும் விடை இணைப்புத் திசு.

உடலின் நான்கு அடிப்படைத் திசுக்களில் எபிதீலியத் திசுவும் தசைத் திசுவும் நரம்புத் திசுவும் பெரிதும் செல்களால் ஆனவை. இணைப்புத் திசுவின் அமைப்பு வேறு. அதன் பெரும்பகுதி செல்களுக்கு இடையிலுள்ள பொருளே. செல்கள் ஆங்காங்கே தனித்துக் கிடக்க, அவை சுரந்து வைத்த நார்களும் கூழ் போன்ற தளப்பொருளும் இடைவெளியை நிரப்புகின்றன. இந்த இடைப்பொருளின் தன்மையே ஒரு வகையை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது.

முதலாவது தளர்வான இணைப்புத் திசு. நார்கள் நெருக்கமின்றிப் பின்னிக் கிடக்கும் இது தோலுக்கு அடியிலும், உறுப்புகளைச் சுற்றியும், இரத்தக் குழாய்களின் பக்கத்திலும் பரவியுள்ளது. பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டியும், ஒன்றன்மேல் ஒன்று நழுவியும் இயங்க இது இடம் தருகிறது. கொழுப்பைச் சேமிக்கும் கொழுப்புத் திசுவும், மண்ணீரலுக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் சட்டமாக நிற்கும் வலைத் திசுவும் இதன் இனத்தவை.

இரண்டாவது அடர்ந்த இணைப்புத் திசு. தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணிலும், எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட்டிலும் நார்கள் ஒரே திசையில் வரிசையாக ஓடுகின்றன. இழுவை எப்போதும் அத்திசையில் வருவதே காரணம். தோலின் உள்ளடுக்கில் நார்கள் பல திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. தோல் எப்பக்கமும் இழுபடக்கூடியது. பெருந்தமனியின் சுவரிலோ எலாஸ்டின் என்னும் மீள்நார் மிகுதி. ஒவ்வொரு துடிப்பிலும் அது விரிந்து மீள்கிறது.

மூன்றாவது குருத்தெலும்பு. மூட்டுகளின் முனையில் வழவழப்பாகவும், காதுமடலில் வளைந்து நிமிர்வதாகவும், முதுகெலும்புத் தட்டுகளில் அழுத்தம் தாங்குவதாகவும் மூன்று விதமாக அது அமைகிறது. அதற்குள் இரத்தக் குழாய் இல்லாததால் சேதமானால் ஆறுவது அரிது.

நான்காவது எலும்பு. கொலாஜன் என்னும் புரத நார்களின்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து இறுகிய இணைப்புத் திசு இது. அமிலத்தில் ஊறவைத்தால் கனிமம் கரைந்து, வடிவம் மாறாமல் எலும்பு வளையத் தொடங்கும். நெருப்பில் சுட்டால் நார் எரிந்து, கடினமாக இருந்தும் நொறுங்கும். பச்சைப் பானையும் சுட்ட பானையும் இங்கே ஒரே பொருளில் சேர்ந்திருக்கின்றன.

ஐந்தாவது இரத்தம். அதன் இடைப்பொருள் பிளாஸ்மா என்னும் திரவம். அது எதையும் கட்டுவதில்லை. ஆனால் தொலைவிலுள்ள உறுப்புகளை உணவாலும் உயிர்வளியாலும் செய்தியாலும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்துகிறது.

இரத்தம் நீங்கலாக இவ்வகைகளின் முதன்மையான நார் கொலாஜன். கிரேக்க மொழியில் பசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதுவே. அதன் மூலக்கூறு மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்ற வடிவத்தை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முன்வைத்தனர். தனியாக நின்றால் வலுவற்ற இழைகள் முறுக்கினால் வலுப்பெறுகின்றன.

இந்தப் பிடிப்பு ஒருமுறை கட்டி முடிந்துவிடும் வேலை அன்று. கொலாஜனின் முறுக்கு நிலைத்து நிற்க வைட்டமின் சி தேவை. 1740 முதல் 1744 வரை ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றிய ஆங்கிலேயக் கப்பற்படையில், இந்த வைட்டமின் குறைவதால் வரும் ஸ்கர்வி நோய் பரவியபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் ஒரு வீரர் பெற்ற காயங்கள் மறுபடி திறந்துகொண்டன. கூடியிருந்த எலும்பு முறிவும் விட்டுப்போனது என்று அப்பயண நூல் பதிவு செய்துள்ளது. ஆறிவிட்டதாகத் தோன்றிய காயத்தை அத்தனை ஆண்டுகளும் உடல் இடைவிடாமல் பிடித்துவைத்திருந்தது என்பதே இதன் பொருள்.

இந்தப் புதுப்பித்தல் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாளில் மடிகிறது. வளர்ந்தவரின் எலும்பில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவு புதுப்பிக்கப்படுகிறது. குதிகால் தசைநாணின் உட்பகுதியோ வளரும் பருவத்தில் அமைந்தபடியே பெரும்பாலும் முதுமைவரை நீடிக்கிறது.

ஆகவே இரு தரப்புக்கும் இதில் பங்கு உண்டு. எல்லாப் பகுதிகளையும் பிடித்து நிற்கும் தனிப்பொருள் எதையும் உடலியல் காட்டவில்லை. பிடிப்பைத் தருவதும் ஒரு பகுதியே. கணந்தோறும் நிகழும் செயலைச் சார்ந்தே உடலின் ஒருமை நிற்கிறது என்பது நாகசேனரின் பக்கம் சாய்கிறது. ஆனால் தேரின் ஆணியைத் தேர் செய்துகொள்வதில்லை. உடலோ தன் கட்டைத் தானே சுரந்து, இழுவை வரும் திசையறிந்து அடுக்கி, அறுந்த இடத்தைத் தானே தைக்கிறது. பகுதிகளின் குவியல் இதைச் செய்யாது. குவியலும் உறுப்பும் வேறு என்ற இலக்கணம் இங்கே மெய்யாகிறது.

இந்த விடைக்கும் ஓர் எல்லை உண்டு. உடலைச் சடம் என்று கொள்ளும் சைவ சித்தாந்தம், அவ்வுடலை 'எனது' என்று அறிபவன் யார் என்று கேட்கிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் நூற்பாவில் உயிரின் இருப்பை நிறுவுவது இந்த வழியில்தான். கையும் காலும் ஒரே உடலாக நிற்பதற்குக் காரணத்தை இணைப்புத் திசு காட்டுகிறது. கையின் வலியையும் காலின் வலியையும் ஒருவரே உணர்வதற்கான காரணம் நார்களில் இல்லை. அது உணர்வைப் பற்றிய வேறொரு கேள்வி.