கண்டதும் கருதியதும்

காட்சி, கருதல் (ஊகித்தறிதல்), உரை என்று அறிவுக்கு மூன்று அளவைகளை வகுக்கிறது சைவ சித்தாந்தம். கேமராப் பதிவை நாம் யோசிக்காமல் முதலாவதில் சேர்த்துவிடுகிறோம். உண்மையில் டிஜிட்டல் வீடியோவில் பெரும்பகுதி கருதல்தான்; எந்த அளவுக்கு என்பதைச் சுருக்கும்போது வைக்கும் அமைப்பு தீர்மானிக்கிறது. நொடிக்கு 30 பிரேம் ஓடும் முழு எச்டி காட்சிக்கு, நிற விவரத்தைக் கால்வாசியாக்கிய பிறகும், நொடிக்குச் சுமார் 93 மெகாபைட் வேண்டும். நொடிக்கு 8 மெகாபிட் வேகத்துக்குச் சுருக்கினால் அது 1 மெகாபைட் ஆகிவிடுகிறது. 2003இல் வந்த எச்.264 முறையில் அவ்வப்போது ஒரு பிரேம்தான் தன்னளவில் முழுமையாகப் பதிவாகும். மற்றவற்றில் பெரும்பாலும், வேறு பிரேமிலுள்ள ஒரு கட்டம் எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்பும், அந்த ஊகம் உண்மையிலிருந்து எவ்வளவு விலகியது என்ற திருத்தமும் மட்டுமே இருக்கும். இந்த முறையில் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளில், சுருக்கத்தின் கடுமையைக் குறிக்கும் சிஆர்எஃப் எண் 0 முதல் 51 வரை போகும். கைவைக்காமல் விட்டால் 23. எண் ஏற ஏறத் திருத்தங்கள் கழிந்து, பெரும்பாலும் ஊகமே படமாக நின்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியாததைத்தானே நீக்குகிறார்கள் என்று கேட்கலாம். சினிமாவுக்கு அது நியாயம். ஆனால் இருட்டு மூலையில் மங்கலாக அசையும் சிறு உருவம்தான் கடும் சுருக்கத்தில் முதலில் கரைகிறது; கண்காணிப்புக் கேமராவில் தேடப்படுவதும் பெரும்பாலும் அதுவே. மனிதக் கண்ணும் ஊகித்துத்தானே பார்க்கிறது என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆம், கயிற்றைப் பாம்பென்று காண்கிறோம். ஆனால் விளக்கைக் கொண்டுவந்தால் கயிறு கயிறாகத் தெரியும். தவறைத் திருத்த உலகம் அங்கேயே இருக்கிறது. சுருக்கிய கோப்பில் கழிந்தது எந்த விளக்குக்கும் திரும்பி வராது. கூர்மையாக்கும் மென்பொருள் தருவது இன்னொரு ஊகம். ஏவி1 என்ற சுருக்க முறையிலோ, படச்சுருளின் துகள்களை நீக்கிவிட்டு, அவற்றைப் போன்ற புதுத் துகள்களைத் திரையில் தூவும் வசதியே உண்டு. பார்வைக்கு அழகு, ஆனால் அந்தத் துகள் எதுவும் படச்சுருளில் இருந்ததில்லை.

இப்படிப்பட்ட கோப்பு நீதிமன்றத்துக்கு வரும்போது, இந்தியாவின் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சான்றுக்கு ஹாஷ் மதிப்புடன் (கோப்பிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீட்டுடன்) சான்றிதழ் கேட்கிறது. மிகத் தேவையான ஏற்பாடு. ஆனாலும் ஹாஷ், கணக்கிட்ட பிறகு கோப்பு மாறவில்லை என்று மட்டுமே சொல்லும். அதற்கு முன் எது கழிந்தது என்று சொல்லாது. ஆகவே கேமராவின் மூலக்கோப்பையும் அதன் சுருக்க அமைப்பையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். சாட்சியாகக்கூடிய வீடியோ உங்கள் கையில் இருந்தால் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அது மறுபடி சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், மூலத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.