யாருடைய வளையல்?

சென்ற இலையுதிர் காலம் முழுவதும் எங்கள் எடிசன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகள் எதிரெதிரே திறந்திருந்தன. ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். மற்றொன்றில் நானும் கல்லூரிகளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து வயதில், முழுநேர வேலையை விடாமல், இயற்பியலில் ஓர் இளநிலைப் பட்டம் வாங்க வழி உண்டா என்பது என் தேடல். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு மாலை அவள் வரலாறு படிக்கப்போவதாகச் சொன்னாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல் கேட்டேன்: "அதைப் படிச்சு என்னம்மா பண்ணுவ?"

"நீங்க ஃபிசிக்ஸ் படிச்சு என்னப்பா பண்ணுவீங்க?" என்றாள். என் திரையை அவள் எப்போதோ பார்த்திருக்கிறாள்.

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. பயன் கருதாமல் ஒன்றைப் படிக்கும் உரிமை யாருக்கு, எப்போது வருகிறது? சம்பாதித்து முடித்தவனுக்கு மட்டும்தானா?

1997-இல் பிளஸ் டூ முடித்தபோது என் அப்பாவிடம் இயற்பியல் படிக்கிறேன் என்றேன். கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்தவர் அவர். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். "முதல்ல ஒரு வேலைக்கு வழி பண்ணிக்கோ. அப்புறம் எதை வேணும்னாலும் படி" என்றார். பொறியியல் கலந்தாய்வுக்குப் போனேன். பிறகு அமெரிக்காவில் முதுநிலை, விசா, வேலை, வீட்டுக்கடன். அப்பா சொன்ன அந்த 'அப்புறம்' வருவதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

'அப்புறம்' என்பதை நம்பியவர்களில் நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம் மான்ஃப்ரெட் ஸ்டைனர். போருக்குப் பிந்தைய வியன்னாவில் இளைஞராக இருந்தபோது அவருக்கு இயற்பியல் மீதுதான் ஆசை. அந்தக் காலத்துக்கு மருத்துவமே பிழைப்புக்கு உதவும் என்று தாயும் மாமாவும் சொன்னார்கள். 1955-இல் மருத்துவப் பட்டம் பெற்று, அமெரிக்கா வந்து, இரத்தவியல் பேராசிரியராக ஓய்வுபெற்றார். எழுபது வயதை ஒட்டி இளநிலை மாணவர்களோடு வகுப்பில் போய் உட்கார்ந்தார். 2021-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 89. அந்தச் செய்தியை நண்பர்கள் பலர் எனக்கு அனுப்பினார்கள். எல்லோரும் 89 என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்தார்கள். எனக்கு நடுவில் கழிந்த ஐம்பது ஆண்டுகள்தான் கண்ணில் பட்டன.

'அப்புறம்' வேண்டாம், 'கூடவே' என்று இருந்தவர் சி.வி. ராமன். 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா போனவர், அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917-இல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் பதவியை ஏற்று அரசு வேலையை விட்டார். நம் ஆட்கள் இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் ராமன் வந்துவிடுவார். ஆனால் அவர் வேலைக்குச் சேரும் முன்பே முதுநிலைப் பட்டமும் வெளியான ஆய்வுக் கட்டுரையும் வைத்திருந்தவர். நானோ தொகை நுண்கணிதத்தை மறந்துபோனவன். மேதைகளின் வாழ்க்கையை நம் ஆசைக்குச் சாட்சியாக நிறுத்துவது கொஞ்சம் ஏமாற்று வேலை.

என் மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் ஒன்றைத்தான் கேட்டாள்: "உங்களுக்குப் பட்டம் வேணுமா, இயற்பியல் வேணுமா?"

இயற்பியல்தான் என்று உடனே சொன்னேன். அப்படியானால் கல்லூரி எதற்கு என்றாள். நியாயமான கேள்வி. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகள் என்பிடெல் தளத்தில் இலவசம். ஃபைன்மன் 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் நடத்திய பாடங்களின் நூலை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். என்னைப் போன்ற பெரியவர்களுக்காகவே லெனார்ட் சஸ்கிண்ட் ஸ்டான்ஃபோர்டின் தொடர்கல்விப் பிரிவில் பல ஆண்டுகள் பாடம் எடுத்தார். அவையும் யூடியூபில் இருக்கின்றன.

இவற்றையெல்லாம் இரண்டு ஆண்டுகள் பார்த்தவன்தான் நான். ரயிலில், இரவில், பாத்திரம் கழுவும்போது. பாலகிருஷ்ணன் கரும்பலகையில் எழுத எழுதத் தலையாட்டிக்கொண்டே இருப்பேன். ஒருநாள் ஒரு பாடநூலை எடுத்து, முதல் அத்தியாயத்தின் கடைசியில் இருந்த கணக்குகளைப் போட உட்கார்ந்தேன். ஒன்றுகூட வரவில்லை. புரிவதும் புரிந்ததுபோல் இருப்பதும் வேறு வேறு என்று அன்று தெரிந்தது. தானே படிப்பவனுக்கு உள்ள பெரிய ஆபத்து இது: எப்போது புரிந்தது என்று தீர்ப்பு சொல்வதும் அவனேதான்.

சஸ்கிண்ட் தன் பாடங்களுக்கு 'தியரிட்டிகல் மினிமம்' என்று பெயர் வைத்தார். அது சோவியத் இயற்பியலாளர் லெவ் லாண்டாவ் தன்னிடம் சேர விரும்பியவர்களுக்கு வைத்த தேர்வின் பெயர். யார் வேண்டுமானாலும் எழுத முன்வரலாம். தேறியவர்கள் என்று லாண்டாவ் குறித்து வைத்த பட்டியலில் இருந்தவர்கள் 43 பேர்தான். கதவு திறந்திருந்தது, ஆனால் உள்ளே ஒருவர் சோதித்துப் பார்க்க உட்கார்ந்திருந்தார். எனக்கு வேண்டியதும் அதுதான். பட்டச் சான்றிதழ் அல்ல, என் தவறைச் சிவப்பு மையில் சுழிக்கும் ஒரு கை. கூடவே ஓர் ஆய்வுக்கூடம்.

ஆக, கல்லூரி தேவைதான். எந்தக் கல்லூரி என்று கணக்குப் போட்டேன். பழைய பொறியியல் பட்டத்தைக் காட்டி நேராக முதுநிலையில் சேரலாமா என்றால், விசையியல், மின்காந்தவியல், குவாண்டம், வெப்பவியல் ஆகிய நான்கிலும் இளநிலைப் பாடங்களை முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். இளநிலைக்கு, பழைய பொதுப்பாடங்களைக் கழித்துக்கொண்டாலும் 40 கிரெடிட்டாவது மிஞ்சும். பருவத்துக்கு ஒரு பாடம் என்றால் ஐந்தாறு ஆண்டுகள். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்பதால் அவசரப்படவும் முடியாது. பல்கலைக்கழகங்களில் மேல்நிலைப் பாடங்கள் பெரும்பாலும் பகலில்தான். ஏற்கனவே ஒரு பட்டம் இருப்பவனுக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகையும் கிடையாது.

பணத்துக்கு எங்கே போவது என்று பார்த்தபோதுதான் அந்த விதியைப் படித்தேன். பிள்ளைகளின் படிப்புக்காக நாம் சேர்க்கும் 529 கணக்கின் பயனாளியை மாற்றலாம். பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டுப் பெற்றோரின் பெயரைப் போட்டுக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. முழுவதும் வேண்டாம், ஒரு பகுதி போதும். அவள் வரலாறுதானே படிக்கப்போகிறாள், செலவு குறைந்த கல்லூரி போதாதா என்று மனம் ஓட ஆரம்பித்தது. அந்த ஓட்டத்தைக் கவனித்தபோது எனக்கே கூசியது. அவள் படிப்புக்குப் பயனில்லை என்று நான் சொன்னதில் எவ்வளவு அக்கறை, எவ்வளவு கணக்கு?

அப்துல் கலாம் ஞாபகம் வந்தது. அவர் கதை என் கதைக்கு நேர் எதிர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் முடித்துவிட்டு, தன் வழி பொறியியல்தான் என்று முடிவெடுத்தவர். எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். நாம் இதைத் தியாகக் கதையாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். ஒவ்வொருவர் படிப்புக்குப் பின்னாலும் யாருடைய வளையலாவது அடகுக் கடையில் இருக்கிறது. படிப்பு பயனுள்ளதா இல்லையா என்று கேட்பதற்கு முன், வளையல் யாருடையது, அவர் மனமுவந்து கழற்றினாரா, அது மீளுமா என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் என் அப்பா மீதிருந்த பழைய வருத்தம் கரைகிறது. அவர் இயற்பியலை மறுக்கவில்லை. நான் தோற்றிருந்தால் விலை கொடுத்திருக்க வேண்டியவர்கள் என் தங்கைகள். அவர்களைக் கேட்காமல் அவர்கள் வளையலைக் கழற்ற அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதை அப்படியே என் மகளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளுக்குக் கீழே தங்கைகள் இல்லை. அவள் தோற்றால் தாங்க நாங்கள் இருக்கிறோம். இல்லாமையில் பிறந்த அறிவுரையை, இருக்கிறபோதும் சொல்லிக்கொண்டிருப்பது வெறும் பழக்கம்.

அடகு வைக்க யாருமே இல்லாதவர்கள் என்ன செய்வது? அங்கேதான் பொது நிறுவனங்களின் அறம் எனக்குப் புரிகிறது. பிரிட்டனில் 1969-இல் தொடங்கப்பட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்தகுதி கேட்காமல் மாணவர்களைச் சேர்த்தது. இங்கே ஒவ்வொரு கவுண்டிக்கும் திறந்த சேர்க்கை உள்ள கல்லூரி இருக்கிறது. ஊரே சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக் கொடுக்கும் வளையல் அது. அங்கே நான் உட்காருவதால் இன்னொருவர் இடம் பறிபோவதும் இல்லை.

529 கணக்கைத் தொடவில்லை. கவுண்டி கல்லூரியில் ஒரே ஒரு மாலை வகுப்புக்கு என் சம்பளத்திலிருந்து கட்டினேன். இயற்பியல்கூட இல்லை, அதற்கு முன்தேவையான நுண்கணிதம். வாரம் இரண்டு மாலைகள் வீட்டு வேலை முழுவதும் மனைவி தலையில் விழும் என்பதைச் சொல்லி, கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் சேர்ந்தேன். "வெள்ளிக்கிழமை சமையல் உங்களுது" என்றாள். பட்டம் வரை போவேனா என்று தெரியாது.

மகளிடம், அன்று கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் வரலாற்றையே முதல் விருப்பமாகப் போட்டாள். என் முதல் வீட்டுப்பாடத்தில் பத்துக் கணக்குகளில் நான்கு தவறு. சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள். அந்தத் தாளை அவளிடம் காட்டினேன்.